கையில் கொஞ்சம் காசு, கூப்பிடு தூரத்தில் ஒரு மருத்துவச்சி: ஆப்பிரிக்க கிராமப் பெண்களின் உடல்நலமும் வறுமையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆப்பிரிக்க கிராமங்களில் பெண்கள் ஏன் பிரசவத்தில் சாகிறார்கள், அதைத் தடுக்க அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

"ஆப்பிரிக்கா" என்று மொத்தமாகப் பேசுவது சரியா?

சரியில்லை. 54 நாடுகள். போட்ஸ்வானாவில் பிள்ளை பெறுவதும் சாட் நாட்டில் பிள்ளை பெறுவதும் ஒன்றல்ல. அதனால் இங்கே எத்தியோப்பியா, நைஜர், கென்யா, மலாவி என்று இடத்தைச் சொல்லியே எழுதியிருக்கிறேன்.

நிலைமை எவ்வளவு மோசம்?

2023-ல் உலகம் முழுவதும் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து போட்ட கணக்கு. அதில் 100-க்கு 70 பேர் சஹாராவுக்குத் தெற்கே இருந்தவர்கள். அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு சுமார் 450 தாய்மார் இறக்கிறார்கள். இந்த எண்ணிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் நன்றாகவே இறங்கியிருக்கிறது. இறங்கியும் இவ்வளவு.

உடல்நலத்தையும் வறுமையையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்? இரண்டும் வேறு துறைகள் அல்லவா?

அரசாங்கக் கோப்புகளில் வேறு துறைகள். ஒரு பெண்ணின் உடம்பில் இரண்டும் ஒன்றுதான்.

ராத்திரி பதினொரு மணிக்கு வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில், ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் அந்த முடிவு கணவனுடையது, அல்லது மாமியாருடையது. கையில் பணம் இல்லையென்றால் "விடியட்டும், பார்க்கலாம்" என்பார்கள். அடுத்தது வண்டி. சாலைக்கே ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். அங்கிருந்து மோட்டார் சைக்கிள் கிடைத்தால் உண்டு. அப்புறம், போய்ச் சேர்ந்த இடத்தில் மின்சாரம் இருக்க வேண்டும், ரத்தம் இருக்க வேண்டும், பணியில் ஆள் இருக்க வேண்டும். கிளம்பத் தாமதம், போய்ச்சேரத் தாமதம், சிகிச்சை கிடைக்கத் தாமதம் என்று 1994-ல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்றைக்கும் இந்தத் துறையில் எல்லோரும் பிடித்துக்கொண்டு நடப்பது அந்தக் கணக்கைத்தான். முதல் இரண்டு தாமதங்களிலும் காசுதான் குறுக்கே நிற்கிறது. பிள்ளை பெற்றபின் உதிரப்போக்கு நிற்காவிட்டால் ஒரு பெண் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துவிடக்கூடும்.

திரும்பி வரும் வழியும் உண்டு. ஆடு விற்று, விதை நெல்லை விற்று ஆஸ்பத்திரிச் செலவு செய்த குடும்பம் அடுத்த பருவத்தில் எதை விதைக்கும்?

வண்டிக்கு என்ன வழி செய்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வடக்கு நைஜீரியாவில் நடந்தது. அங்கே டாக்ஸி ஓட்டுநர்களின் தொழிற்சங்கத்தோடு பேசி, வலி எடுத்த பெண்ணை ஓட்டுநர்கள் காசு வாங்காமல் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. இழப்பை ஈடுகட்ட ஒரு வழி: அப்படிப் போய்விட்டுத் திரும்பும் ஓட்டுநர் வண்டி நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டாம், அடுத்த சவாரி அவருக்கே. பணம் கைமாறவில்லை. அந்த ஊர் ஓட்டுநர்களுக்கு எது மதிப்பு என்று தெரிந்தவர்கள் யோசித்த ஏற்பாடு அது.

தான்சானியாவில் 115 என்ற இலவச எண்ணை அழைத்தால், ஆம்புலன்ஸ் இல்லாத ஊரில் பதிவு செய்துகொண்ட உள்ளூர் கார்க்காரரை அனுப்பிவைக்கிறார்கள். வாடகையை அரசுத் திட்டம் கைபேசி வழியாக அவருக்குக் கொடுத்துவிடும்.

ஃபிஸ்டுலா என்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் பலருக்கு இந்தச் சொல்லே தெரியாது.

குழந்தையின் தலை வெளியே வர வழியில்லாமல் இடுப்பெலும்பில் முட்டி நிற்கிறது. சிசேரியன் செய்ய ஆள் இல்லை. இரண்டு நாள், மூன்று நாள் வலி தொடர்கிறது. அத்தனை நேரமும் தலைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு ரத்தம் போவதில்லை. சதை செத்து, சில நாளில் உதிர்ந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுகிறது. சிலருக்கு மலக்குடலிலும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாய் பிழைப்பாள், ஆனால் அன்றிலிருந்து இரவும் பகலும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். அடக்க முடியாது. நரம்பு நசுங்கியதால் சிலருக்குக் கால் இழுக்கும்.

வாடை. அதனால் அவளைத் தனிக் குடிசையில் வைக்கிறார்கள். பலரைக் கணவன் விட்டுவிடுகிறான். சந்தைக்குப் போய் நாலு தக்காளி விற்க முடியாது, பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஒழுகுவது குறையட்டும் என்று அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். சிறுநீர் இன்னும் கெட்டியாகித் தொடையெல்லாம் புண்ணாகிறது. பதினெட்டு, இருபது வயதில் இப்படி.

சிசேரியன் எட்டும் தூரத்தில் இருக்கும் நாடுகளில் இந்த நோய் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. ஆகவே ஒரு பெண்ணுக்கு இது வந்திருக்கிறது என்றால் அவள் ஊரில் சாலை இல்லை, மருத்துவர் இல்லை, காசு இல்லை என்று அர்த்தம்.

இதைக் குணப்படுத்த முடியுமா?

முடியும். பத்தில் ஒன்பது பேருக்கு அறுவை சிகிச்சையில் ஓட்டையை மூடிவிடலாம். பிறகு சுமார் இரண்டு வாரம் ரப்பர் குழாய் வழியாகச் சிறுநீரை வெளியேற்றி, தைத்த இடத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். அடுத்த பிள்ளைக்கு சிசேரியன்தான்.

1959-ல் கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதியர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்தார்கள். இந்தப் பெண்களைப் பார்த்த பிறகு அவர்கள் திரும்பிப் போகவே இல்லை. 1974-ல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். அங்கே சிகிச்சை இலவசம். இதுவரை 60,000 பெண்களுக்கும் மேல் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். குணமானவருக்குப் புதுத் துணி கொடுத்து ஊருக்கு அனுப்புவது அங்கே வழக்கம். அந்தத் துணி நனையாமல் வீடு போய்ச் சேரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த மருத்துவமனைக்கு நோயாளியாக வந்த மாமிட்டு காஷே என்ற பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குணமானபின் அங்கேயே தங்கி, படுக்கை விரிக்கும் வேலையில் தொடங்கி, அறுவை அறையில் உதவிக்கு நின்று, கையால் பழகிப் பழகிக் கடைசியில் தானே ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை செய்பவரானார். மருத்துவர்களுக்கே கற்றுக்கொடுத்தார்.

கேத்தரின் 2020-ல் தமது 96-வது வயதில் காலமானார். அவருடைய அமைப்பு 2007-ல் ஒரு மருத்துவச்சிக் கல்லூரியும் தொடங்கியது. ஓட்டையைத் தைத்துக்கொண்டே இருப்பதைவிட அது விழாமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம்.

எத்தியோப்பிய அரசு என்ன செய்தது?

2003-ல் ஒரு பெரிய முடிவு எடுத்தது. பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் பயிற்சி கொடுத்து, சுமார் 5,000 பேருக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாக நியமித்தது. 30,000-க்கும் மேற்பட்ட பெண்கள். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, கழிப்பறை, கொசுவலை, கர்ப்பிணிப் பெண்களைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம் ஊர் கிராம சுகாதார செவிலியரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, அவர்களுக்கு அரசுச் சம்பளம் உண்டு என்பதை. உலகம் முழுக்கப் பெண்களின் சுகாதார வேலையை "சேவை" என்று சொல்லிச் சும்மா வாங்கிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஒரு கிராமத்தில் மாதச் சம்பளம் வாங்கும் இரண்டு இளம்பெண்கள் இருந்தால், அந்த ஊர்ச் சிறுமிகள் பத்தாம் வகுப்பை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

எண்கள் இவை. 2000-ல் எத்தியோப்பியாவில் 100 பிரசவத்தில் 5 மட்டுமே மருத்துவ நிலையத்தில் நடந்தன, 2016-ல் 26, 2019-ல் 48. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 871 ஆக இருந்த தாய் இறப்பு 2016-க்குள் 412 ஆனது.

பெண்களை நிலையத்துக்கு வரவழைக்க இன்னொன்றும் செய்தார்கள். "அங்கே போனால் குளிர்ந்த அறை, தெரியாத முகங்கள், வீட்டில் என்றால் கஞ்சியும் காப்பியும் உண்டு" என்று பெண்கள் சொன்னபோது, பல நிலையங்களில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கென்ஃபோ என்ற கெட்டிக் களியையும், காப்பி வறுத்துக் காய்ச்சிப் பரிமாறும் சடங்கையும் அங்கேயே நடத்தத் தொடங்கினார்கள். தூரத்து ஊர்ப் பெண்கள் நாள் நெருங்கும்போதே வந்து தங்க, பக்கத்தில் காத்திருப்பு வீடுகளும் கட்டினார்கள்.

டிக்ரே பகுதியில் 2020 முதல் 2022 வரை நடந்த போரில் இப்படிப்பட்ட நிலையங்கள் ஏராளமாக அழிந்தன. அதை எழுதாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை.

மருத்துவமனைக்கு வந்துவிட்டால் பிழைத்துவிடுவார்களா?

அப்படி இல்லை, அங்கேதான் மூன்றாவது தாமதம். எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னால் பெரும்பாலும் குறைவாகத்தான் சொல்வார்கள். துணியில் ஊறியது எவ்வளவு, தரையில் சிந்தியது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அதற்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வந்திருக்கிறது. பிரசவமானதும் தாயின் இடுப்புக்குக் கீழே விரிப்பார்கள். கீழ்ப்பகுதி பை போலத் தொங்கும், அதில் அளவுக் கோடுகள் இருக்கும். ரத்தம் கோட்டைத் தொட்டதும், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் காத்திருக்காமல், கருப்பையை அழுத்தித் தேய்ப்பது, கருப்பையைச் சுருக்கும் ஊசி, ரத்தம் உறைய ட்ரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழி திரவம், எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கிவிடுவார்கள்.

பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆரி குமாரசாமி தலைமையிலான குழு கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் இதைச் செய்து பார்த்தது. கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. 2023-ல் முடிவு வெளியானது. இதில் புது மருந்து எதுவுமே இல்லை.

சேமிப்புக் குழு என்கிறார்களே, அது எப்படி நடக்கும்?

1991-ல் நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில் கேர் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு இதைத் தொடங்கியது. ஹவுசா மொழியில் "மாதா மாசு துபாரா", சாமர்த்தியமுள்ள பெண்கள் என்ற பெயர். இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்கள் இதே முறையில் சேமிக்கிறார்கள்.

வாரத்தில் ஒரு நாள், மரத்தடியில் பதினைந்து முதல் இருபத்தைந்து பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அந்த வரிசையில்தான் உட்கார வேண்டும். நடுவே ஒரு தகரப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். பெட்டி இருப்பது நாலாவது ஆள் வீட்டில். மூவரும் வந்து திறந்தால்தான் பெட்டி திறக்கும். எண் கூப்பிட்டதும் ஒருத்தி எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, காசைத் தட்டில் போடுகிறாள். ஒரு பங்கும் வாங்கலாம், ஐந்து வரையும் வாங்கலாம். எண்ணுகிறவர்கள் சத்தமாக எண்ணுவார்கள். படிக்கத் தெரியாதவர்களும் ஏமாறக் கூடாது என்பதற்காக, வாங்கிய பங்குக்குத் தக்கபடி கணக்கு அட்டையில் முத்திரை குத்துவார்கள். தாமதமாக வந்தால் அபராதம். கூட்டம் முடியும்போது பெட்டியில் இருக்கும் தொகையைச் சொல்லி எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்வார்கள். அடுத்த வாரம் திறந்ததும் முதல் கேள்வி அதுதான்.

அந்தப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கடன். வட்டி வெளியே யார் பாக்கெட்டுக்கும் போகாது, பெட்டிக்கே திரும்பும். வருடக் கடைசியில் பங்குக்குத் தக்கபடி மொத்தத்தையும் பிரித்துக்கொண்டு, புதிதாக ஆரம்பிப்பார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது பெட்டிக்குள் தனியாக முடிந்து வைக்கும் சின்னப் பை. அது அவசர நிதி. பிள்ளைக்குக் காய்ச்சல், பிரசவத்துக்கு வண்டி, சாவு என்றால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், வட்டி கிடையாது. மேலே சொன்ன ராத்திரி பதினொரு மணிப் பெண் கணவனின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் மூன்று சாவியையும் கூட்டி வந்தால் போதும்.

இது நம் மகளிர் சுய உதவிக் குழுதானே?

உறவுமுறைதான். ஒரு வித்தியாசம்: அங்கே வங்கியே இல்லை. வெளிப்பணம் வராததால் வெளிக்கடனும் இல்லை.

அப்படியானால் நுண்கடன் கொடுத்தால் வறுமை போய்விடுமா?

போகாது. எத்தியோப்பியா, மொராக்கோ உள்பட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளிவந்தன. சிறு தொழிலுக்குக் கொஞ்சம் உதவுகிறது, வாழ்க்கையை மாற்றும் அளவுக்கு வருமானத்தை உயர்த்தவில்லை என்பதே முடிவு. கடனோடு வேறொன்று சேரும்போது கதை மாறலாம். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ கிராமங்களில் கடன் வாங்கிய பெண்கள் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் உடல்நலம், அடி உதை, எச்.ஐ.வி. பற்றி ஒரு மணி நேரம் பேசவும் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் துணைவனிடம் அடிபடுவது 55 சதவீதம் குறைந்தது. 2006-ல் வெளியான இந்த ஆய்வு இன்னும் பரவலாகத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

நேரடியாகப் பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிட மாட்டார்களா?

இந்தக் கேள்வி என்னைக் கோபப்படுத்தும், இருந்தாலும் பதில் சொல்கிறேன். உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்தவர்கள் குடிக்கும் புகைக்கும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை.

கென்யாவின் சியாயா வட்டாரத்தில் ஏறத்தாழ 10,500 ஏழைக் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு 1,000 டாலர், எந்த நிபந்தனையும் இல்லாமல், கைபேசி வழியாகப் போய்ச் சேர்ந்தது. பின்னால் கணக்கெடுத்தபோது அந்தக் குடும்பங்களில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் பாதியாகக் குறைந்திருந்தது. 2025-ல் இந்த முடிவு வெளிவந்தது. கர்ப்பிணிகள் கடைசி மாதங்களில் வயல் வேலையைக் குறைத்திருக்கிறார்கள், நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். நிறைமாதத்தில் மண்வெட்டி பிடிப்பது அவர்களுக்குப் பழக்கமாக இருந்ததற்குக் காரணம் அறியாமை இல்லை. அன்றைக்கு வேலை செய்யாவிட்டால் அன்றைக்குச் சோறு இல்லை.

ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள்: மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரி அரை மணி தூரத்துக்குள் இருந்த குடும்பங்களில்தான் பலன் மிக அதிகம். காசு கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி கட்டாமல் விட்டால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

குடும்பக் கட்டுப்பாடு?

ஊசியைப் பெண்ணே தனக்குப் போட்டுக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. மருந்து அடைத்த சின்னக் குமிழ், குட்டி ஊசி, தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் குத்தி அமுக்கினால் மூன்று மாதத்துக்குக் கவலையில்லை. மலாவியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு வருடம் கழித்தும் தொடர்ந்தவர்கள் தாங்களே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம், நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம். நடையும் பஸ் காசும் மிச்சமானது ஒரு காரணம்.

குழந்தைத் திருமணம், ஆண்கள், மரபு: இதெல்லாம் மாறுமா?

மாறுகிறது. மலாவியின் டெட்ஸா மாவட்டத்தில் தெரேசா கச்சிந்தமோட்டோ என்ற பெண் தலைவர் தமது அதிகாரத்தில் நூற்றுக்கணக்கான சிறுவயதுத் திருமணங்களை ரத்து செய்து சிறுமிகளைப் பள்ளிக்கு அனுப்பினார். கேட்காத சிறு தலைவர்களைப் பதவியிலிருந்தும் இறக்கினார். எத்தியோப்பியாவின் அம்ஹாரா வட்டாரத்தில் நிலப் பட்டாப் புத்தகத்தில் கணவன் படத்தோடு மனைவி படமும் ஒட்டினார்கள். அதே நாட்டில், வலி எடுத்த பெண்ணைத் தூளியில் கிடத்தி மலைப்பாதையில் சாலை வரை தோளில் சுமப்பவர்கள் ஊர் ஆண்கள்தான். அவர்களை எதிரியாக வைத்து எந்த வேலையும் நடந்ததாக நான் படித்ததில்லை.

வெளிநாட்டு உதவி நின்றுபோனால்?

2025-ல் அது வெறும் கேள்வியாக இல்லாமல் நடந்தே விட்டது. அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடியது. ஆப்பிரிக்க அரசுகள் 2001-ல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி சொன்னவை. பெரும்பாலானவை அதைக் காப்பாற்றவில்லை. சம்பளம் நின்ற செவிலியர் எத்தனை மாதம் வருவார்? இந்தப் பட்டியலில் வெளிப்பணம் இல்லாமலே ஓடக்கூடியவற்றில் முக்கியமானது அந்தத் தகரப் பெட்டி, ஆனால் தகரப் பெட்டியால் சிசேரியன் செய்ய முடியாது.

இதில் தமிழ்நாட்டுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் ஏராளமான பெண்களைக் கொல்கிறது. ஆய்வகம் இல்லாத ஊரில் அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரை, பஞ்சில் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பது. கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். அன்றைக்கே உறைய வைத்து எடுத்துவிடலாம். இது உண்மையிலேயே உயிரைக் காக்கிறதா என்ற சந்தேகத்துக்குப் பதில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்தது. 30 முதல் 59 வயதுள்ள பெண்களிடம், பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்ததில், அந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. 2007-ல் வெளியான ஆய்வு அது. ஸாம்பியாவில் 2006 முதலே செவிலியர்கள் இதே முறையில் பெண்களைப் பரிசோதித்து வந்தார்கள். இப்போது அதைவிடத் துல்லியமான எச்.பி.வி. சோதனை, அதாவது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடிக்கும் சோதனை, வந்துகொண்டிருக்கிறது. அது போய்ச் சேராத நிலையங்களில் இன்றைக்கும் மேசைமேல் இருப்பது ஒரு கிண்ணம் வினிகரும் பஞ்சும் டார்ச் விளக்கும்தான்.